தண்ணீர் ஓடும் கூரை

டமாரத்துக்கு மெதுவாகப் பேச வராது. ஒரு நாள் தெருக்கோடியில் நின்று "ஒரு டீ" என்று அவர் சொன்னதில், டீக்கடைக்காரர் மட்டுமல்ல, அதற்கும் அப்பால் சைக்கிள் கடையில் குனிந்திருந்தவரும் எழுந்து நின்றார் என்பார்கள். டமாரம் என்ற பேர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான். கதை கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். பாதியாவது உண்மை என்று சத்தியம் பண்ண அந்தத் தெருவில் ஆள் இருக்கிறது.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை, தொழில் அப்படி. கூலர் செய்கிறவர். தகரத்தை வெட்டி, மடக்கி, தட்டிப் பெட்டியாக்கி, உள்ளே ஒரு விசிறியும் தண்ணீர் ஏற்றும் குட்டி மோட்டாரும் பொருத்தி, மூன்று பக்கமும் மரச்சீவல் அடைத்த சட்டத்தை மாட்டினால் கூலர். தண்ணீர் சீவலை நனைக்கும், விசிறி அந்த ஈரத்தின் வழியாகக் காற்றை இழுத்து அறைக்குள் தள்ளும். செய்து முடித்த ஒவ்வொன்றையும் ஒரு பகல் முழுக்க ஓடவிட்டுப் பார்த்துத்தான் கைமாற்றுவார். ஆகவே கடையில் எந்நேரமும் இரண்டு மூன்று உறுமிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலுக்கு மேலே குரலை ஏற்றித்தான் எதையும் சொல்லியாக வேண்டும், சோறு வெந்துவிட்டது என்பதையும் சரி, சொந்தத்தில் ஒருவர் போய்விட்டார் என்பதையும் சரி.

கடைக்குப் பின்னாலேயே வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை, உள்ளே ஒரு படுக்கையறை. ஒட்டினாற்போல் பக்கத்துப் பகுதியில் தம்பியும் தம்பி மனைவியும். தம்பி கடையில் அண்ணனுக்கு வலது கை. இந்த நான்கு பேருக்கும் காதோடு காதாகப் பேசுகிற வழக்கமே கிடையாது. அடுத்த அறையில் ஆள் இருக்கும்போதே அவரைப் பற்றி எதையும் பேசுவார்கள். கூலர் ஓடுகிறது, காதில் விழாது, அவ்வளவுதான். யோசித்துச் செய்கிற காரியமில்லை அது. கதவைச் சாத்திவிட்டுப் பேசுகிற குடும்பங்கள் உண்டு, இவர்கள் கூலரைப் போட்டுவிட்டுப் பேசுகிற குடும்பம்.

சீவல் அடைப்பது அவர் மனைவியின் வேலை. மூட்டையாக வந்து இறங்கும் சீவலைப் பிரித்து, சிக்கெடுத்து, கம்பிச் சட்டத்துக்குள் எங்கேயும் ஓட்டை விழாமல் அடைப்பாள். அவள் அடைத்த சட்டத்தில் தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகி ஏமாற்றாது. "என் கூலர்ல பாதி இவ கை" என்று டமாரம் ஊருக்கே கேட்கும்படி சொல்லுவார். அவர் எதைச் சொன்னாலும் ஊருக்குக் கேட்கும் என்பது வேறு விஷயம்.

அப்படிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து அடைத்துக்கொண்டிருந்தவள்தான் ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டி என்றார்கள், ஆபரேஷன் என்றார்கள். உள்ளே கொண்டுபோன வேகத்தில் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். டமாரம் பாவம், சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டார். டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார்.

"திறந்து பாத்தோம். எல்லாப் பக்கமும் பரவியிருக்கு. தொடவே முடியல. அப்படியே தைச்சுட்டோம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, வலிக்கு மருந்து தரேன். மழைக்காலம் வரைக்கும் இருந்தாங்கன்னா அதுவே பெரிசு."

ஆயுசிலேயே டமாரம் பதில் பேசாமல் எழுந்து வந்தது அன்றைக்குத்தான். மயக்கம் தெளிந்து மனைவி கண்ணைத் திறந்து, "என்னங்க ஆச்சு?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எவன் சொல்வான்? தானாக வாயில் வந்துவிட்டது.

"கட்டியை எடுத்தாச்சு. நல்லா சாப்பிட்டு, நடந்து பழகினா எந்திரிச்சுடுவ."

அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஜாதி இல்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். ஒரு வாய் இறங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனாலும் விழுங்கினாள். நட என்றால் நடந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு. "கட்டிதான் போயிடுச்சே, அப்புறம் ஏன் இப்படி வலிக்குது?" என்று கேட்பாள். "தையல்" என்பார் டமாரம். சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்த் தகரத்தைத் தட்டுவார்.

மகளுக்கும் கட்டியை எடுத்தாச்சு என்ற இதே வாக்கியம்தான் போயிருந்தது. ஒரே மகள், ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் போகும் தூரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஐந்தாம் மாதம். முதல் தடவை தரித்தது, ஓர் அலைச்சலுக்குப் பிறகு, தங்காமல் போய்விட்டது. இந்தத் தடவை படுத்த படுக்கையாக வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அவளிடம் போய் அம்மா பிழைக்கமாட்டாள் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால், அவள் அம்மா முகத்தைப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுமே. டமாரம் இதற்கும் அதற்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார். கடைசியில் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது. மனைவியின் அறை ஜன்னலில் டமாரம் தன் கையால் செய்ததிலேயே பெரிய கூலரை மாட்டியிருந்தார்.

"என்னங்க, அதைக் கொஞ்சம் நிறுத்துங்க."

"நிறுத்தினா வெந்துடுவ."

"வெந்தா வேகறேன். மண்டைக்குள்ள ஓடற மாதிரி இருக்குங்க. கண்ணை மூடினா இன்னும் சத்தமா இருக்கு."

நிறுத்தினார். அரை மணியில் தலையணை நனைந்துவிட்டது. போட்டார். அவள் காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். விசிறிக்கு அடியில் ரப்பர் வாஷர் வைத்துப் பார்த்தார், விசிறி அச்சு சுழலும் புஷ்ஷை மாற்றிப் பார்த்தார், வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். வேகத்தைக் குறைத்தால் காற்று வரவில்லை, சத்தம் மட்டும் வந்தது. முப்பது வருஷமாக அவருக்குச் சோறு போட்ட சத்தம். சத்தம் இருந்தால் மிஷின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், நின்றால்தான் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று பழகின மனுஷர். அதே சத்தம் இவளைத் தின்கிறதே என்று அவருக்குத் தன் தொழில்மேலேயே வெறுப்பு வந்தது.

"பேசாம ஒரு ஏசி மாட்டிடலாம்ணே" என்றான் தம்பி.

"நம்ம லைன் தாங்காதுடா. சாயங்காலம் லைட்டே அழுது வடியுது. அதுவும் இல்லாம, எதிர் வீட்டு ஏசி வெளியில கெடந்து உறுமறதைக் கேட்டுட்டு அவ என்ன சொன்னா தெரியுமா? 'அவங்க குளிருக்கு நான் சத்தம் கேக்கறேன், நம்ம குளிருக்கும் யாராவது கேக்கணுமா'ன்னா."

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது.

போன வருஷம் புதிதாக எழும்பிய ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு டமாரம் அலுமினியத் தகடுகள் மடக்கிக் கொடுத்திருந்தார். எதற்கு என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது ஞாபகம் வந்து, அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியரம்மாவைத் தேடிப் போனார். உள்ளே கால் வைத்ததும் ஜில்லென்று இருந்தது. காற்று எங்கேயிருந்தும் வரவில்லை. தலைக்கு மேலே அவர் மடக்கிய தகடுகள் வரிசையாகப் படுத்திருந்தன.

"அதுக்கு மேல குழாய் ஓடுதுங்க" என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார். "குழாய்ல குளிர்ந்த தண்ணி. தகடு குளிரும். நம்ம உடம்புச் சூட்டை அது இழுத்துக்கும். காத்து வேண்டாம், விசிறி வேண்டாம். கரண்டும் கொஞ்சம்தான்."

"தண்ணியைக் குளிர வைக்கறதுக்கு?"

"இங்க மிஷின் இருக்கு. ஒரு அறைக்குத்தானே? ராத்திரி மொட்டை மாடியில தண்ணியை மெல்லிசாப் பரத்தி ஓடவிடுங்க. வானம் தெளிவா இருந்தாப் போதும், விடியறதுக்குள்ள நல்லாக் குளிர்ந்துடும். பிடிச்சுத் தொட்டியில மூடி வெச்சு, பகல்ல ஓட்டுங்க. ஆனா ரொம்பக் குளிர்ந்த தண்ணி விட்டுடாதீங்க, மேகம் மூடின நாள்ல தகடு வேர்த்துக் கொட்டும்."

"சத்தம்?"

"சத்தமே கிடையாது. அதுதான் இங்க பெரிய புகார்." அவர் குரலைத் தாழ்த்தினார். "முன்னால ஏசி இரைச்சல்ல ஒண்ணும் தெரியல. இப்ப நாலு மேஜை தள்ளி ஒருத்தர் பொண்டாட்டிகிட்ட போன்ல கெஞ்சறது ஆபீஸுக்கே கேக்குது."

டமாரம் கூரை அதிரச் சிரித்தார். நான்கு மேஜை என்ன, அந்த மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "எங்க வீட்ல கெஞ்சறதுக்கு ஆள் கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டு, குழாய் என்ன தடிமன், எவ்வளவு இடைவெளி என்று கேட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தப் பெண் சொன்னதில் அவருக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான், சத்தமே கிடையாது.

கடையை மூடிவிட்டு அண்ணனும் தம்பியும் இதிலேயே விழுந்தார்கள். தகட்டை மடக்கிக் குழாய்க்குப் பள்ளம் விட்டார்கள். குழாயைப் பாம்பு மாதிரி வளைத்து வளைத்துப் பதித்துக் கட்டிலுக்கு நேர் மேலே தொங்கவிட்டார்கள். மாடித் தளத்துக்குச் சுண்ணாம்பு இரண்டு கை அடித்து வெள்ளைவெளேர் என்று ஆக்கி, அதன்மேல் சரிவாகத் தகரம் பரப்பினார்கள். ராத்திரி அதில் தண்ணீர் வழிந்து தொட்டிக்கு இறங்கும். தொட்டிக்குத் தெர்மாகோல், அதற்கு மேலே பழைய மெத்தை. மோட்டார் ஒரு பல்பு தின்கிற கரண்டைத்தான் தின்னும். அதையும் பின்சுவருக்கு வெளியே டயர்த் துண்டின்மேல் உட்காரவைத்துப் பெட்டி போட்டு மூடினார் டமாரம். மனைவி படுத்தபடியே மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலையில விழாதுல்ல?"

"விழுந்தா முதல்ல நான் அடியில நிப்பேன்."

"நீங்க நின்னா தகடு உங்க சத்தத்துக்குப் பயந்துக்கிட்டு மேலேயே நிக்கும்."

முதல் நாளே மேகம் மூடிக்கொண்டது. இன்ஜினியரம்மா சொன்னபடி தகடு வேர்த்து அவள் நெற்றியில் சொட்டியது. "உங்களைவிட இதுக்குத்தான் அதிகமா வேர்க்குது" என்றாள். டமாரம் வால்வைத் திருகி, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரைக் கலந்து சரிக்கட்டினார். மறுநாள் வானம் தெளிந்தது. பகலில் கூலரை ஜன்னலிலிருந்து கழற்றி இறக்கி, அந்த ஓட்டையைப் பலகை வைத்து அடைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வெயில் படாமல் பாயைத் தொங்கவிட்டார்கள். மோட்டாரைப் போட்டார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. காற்று வரவில்லை, சத்தம் வரவில்லை. டமாரம் கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றியது. வெகுநேரம் கழித்து மனைவி, "இங்க வாங்க" என்றாள். போனார். அவர் கையை எடுத்துத் தன் நெற்றிமேல் வைத்துக்கொண்டாள். நெற்றி ஈரமில்லாமல் குளிர்ந்திருந்தது.

"சத்தம் எங்கங்க போச்சு?"

"வெளியில போயிடுச்சு."

"நல்லா இருக்கு" என்றாள். அப்படியே கண்ணை மூடினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததற்குப் பிறகு அன்றைக்குத்தான் முழுசாகத் தூங்கினாள். டமாரம் கூடத்துக்கு வந்து தரையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். சந்தோஷத்தில்தான்.

சாயங்காலம் தம்பி வந்தான். மகள் அவனுக்குப் போன் செய்திருந்தாள். கடையில் அன்றைக்கு எதுவும் ஓடவில்லை. படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது. இருவரும் கூடத்தில் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார்கள். எப்போதும் பேசுகிற மாதிரிதான் பேசினார்கள்.

"அண்ணே, பாப்பா போன் பண்ணிச்சு. 'சித்தப்பா, நெஜத்தைச் சொல்லுங்க, அம்மாவுக்கு என்ன'ன்னு அழுவுது. நான் என்னத்தைச் சொல்றது?"

"கட்டியை எடுத்தாச்சுன்னு சொல்லு."

"எத்தனை தடவை சொல்றது? வரச் சொல்லிடுண்ணே. அண்ணியைப் பாக்க முடியாமலே போயிட்டா அந்தப் பொண்ணு நம்மளை மன்னிக்குமா?"

"வந்து வயித்துப் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா? போன தடவை என்ன ஆச்சு, மறந்துட்டியா? அதுக்கு அவ மன்னிப்பாளா?"

"புள்ள பொறக்க நாலு மாசம் கெடக்கு. அண்ணி அதுவரைக்கும் தாங்குவாங்களா?"

"தாங்க மாட்டாடா." டமாரம் சொல்லிவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தாங்க மாட்டா. திறந்து பாத்துட்டு அப்படியே தைச்சுட்டேன்னு சொன்னாரே டாக்டர். மழைக்காலமே பெரிசுன்னாரு. நான் இவகிட்ட போய், நடந்து பழகு, சாப்பிடுன்னு சொல்லிட்டிருக்கேன். அவ அந்த வலியோட நடக்கறதைப் பாக்கறப்ப எனக்கு எங்கயாவது போய் முட்டிக்கலாம் போல இருக்கு."

உள்ளே கட்டில் ஒரு தரம் கிறீச்சிட்டது.

கூலர் ஓடியிருந்தால் அந்தக் கிறீச்சு இவர்களுக்குக் கேட்டிருக்காது. இவர்கள் பேச்சும் உள்ளே போயிருக்காது. முப்பது வருஷமாகத் தங்கள் பேச்சை மறைத்துக் காத்த இரைச்சலைத் தங்கள் கையாலேயே கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று அண்ணனுக்கும் தோன்றவில்லை, தம்பிக்கும் தோன்றவில்லை. டமாரம் எழுந்து எட்டிப் பார்த்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று திரும்பி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவரை அடியோடு ஏமாற்றியது.

மறுநாள் காலையில் மனைவி தானாகவே கேட்டு ஒரு முட்டை சாப்பிட்டாள். வாசற்படி வரைக்கும் நடந்தாள். மாலையில் இன்னொரு தரம் நடந்தாள். வலிக்கிறதா என்று கேட்டால், "தையல்தானே, ஆறிட்டு வருது" என்றாள். தலைவாரிப் பின்னிக்கொண்டாள். ஒரு சட்டத்தையும் கொஞ்சம் சீவலையும் கொண்டுவரச் சொல்லி, கட்டிலில் சாய்ந்தபடி அடைத்துக்கூடப் பார்த்தாள். டமாரத்துக்குத் தலைகால் புரியவில்லை. இந்தக் குளிர்ச்சிதான், இந்த அமைதிதான், தூக்கம் இல்லாமல்தான் இத்தனை நாள் உடம்பு தேறவில்லை என்று முடிவு கட்டிவிட்டார். தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார்.

"இங்க நில்லுங்க. இப்படித் தலையைத் தூக்குங்க. தெரியுதா? சத்தம் கேக்குதா? கேக்காது. என் வீட்டுக்காரியைப் பாருங்க. படுத்துக் கெடந்தவ, இப்ப வாசப்படிக்கு நடக்கறா."

வந்தவர்கள் தகட்டையும் பார்த்தார்கள், அவளையும் பார்த்தார்கள். அவள் சிரித்தாள்.

டாக்டரிடம் மாத்திரை வாங்கப் போன இடத்திலும் விடவில்லை. "சில பேருக்குக் கொஞ்ச நாள் அப்படித் தெளிவா இருக்கும். அதை அவங்களோட சந்தோஷமாக் கழிங்க" என்றார் டாக்டர். டமாரம் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த டாக்டரைத் திட்டிக்கொண்டே வந்தார். டாக்டர் என்ன கடவுளா, திறந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமா? கட்டியை எடுத்தாச்சு என்று டமாரம் சொன்ன பொய் இருக்கிறதே, அதை அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார். மனுஷ மனசு அப்படித்தான், ஓர் இடுக்கு கிடைத்தால் போதும், நுழைந்துகொண்டுவிடும்.

"பாப்பாவை வரச் சொல்லட்டுமாண்ணே?" என்று தம்பி மறுபடி கேட்டான்.

"எதுக்குடா அவசரம்? இவ நடக்கற நடையைப் பாத்தா, இவளே பிரசவத்துக்குப் போயிடுவா போல இருக்கு."

தம்பியும் தலையை ஆட்டினான். தம்பி மனைவி மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்து, மென்று முழுங்கிக்கொண்டு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். இப்படியே நாள் போய்க்கொண்டிருந்தது. நல்ல நாட்கள் என்று டமாரம் நினைத்த நாட்கள்.

அன்றைக்குக் கடையில் நான்கு கூலர்கள் ஓடிக்கொண்டிருந்தன. கோடையின் கடைசி வேலைகள். திடீரென்று கரண்ட் போய் எல்லாம் ஒரே மூச்சில் நின்றது. டமாரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்கக் கூடத்துக்கு வந்தார். தகரம் தட்டித் தட்டி அவர் காது பாதி போயாகிவிட்டது. ஆனால் அந்த நிசப்தத்தில் அந்தப் பாதிக் காதுக்கே உள்ளேயிருந்து பேச்சு கேட்டது. மனைவி போனில் மகளோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"கட்டியைத்தான் எடுத்தாச்சேடி. நல்லா சாப்பிட்டு நடந்து பழகினா எந்திரிச்சுடலாம்னாங்க, நடக்கறேனே. நீ எதுக்கு இப்ப அலையற? உன் உடம்பைப் பாத்துக்கோ. நான் பிரசவத்துக்கு வந்துடறேன். ம். வெச்சுடறேன்."

டமாரத்துக்கு உள்ளம் குளிர்ந்தது. தம்ளரை எடுத்தார். உள்ளே தம்பி மனைவியின் குரல் கேட்டது.

"அக்கா, இந்தாங்க, பாத்திரம்."

அப்புறம் வாந்தி எடுக்கிற சத்தம். நீளமாக, திணறித் திணறி. டமாரம் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"தினமும் தின்னறதும் எடுக்கறதுமா எத்தனை நாளைக்குக்கா? மாமாகிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா இடிஞ்சு போயிடுவாரு." மனைவியின் குரல் மெலிந்து வந்தது. "அந்தக் கூலரைக் கழட்டின அன்னிக்கே எல்லாம் கேட்டுட்டேன். ரெண்டு பேரும் கூடத்துல உக்காந்துக்கிட்டு, பக்கத்துல நின்னு சொல்ற மாதிரி சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரி எவ்வளவு அழுதேன் தெரியுமா? வாயில துணியை வெச்சுக்கிட்டு. இந்த ரூம்ல மூச்சு விட்டாலும் கேக்குதே."

"அப்புறம் ஏன்க்கா இந்த நடை, இந்த முட்டை எல்லாம்?"

"எங்கயாவது போய் முட்டிக்கலாம் போல இருக்குன்னாருடி. அதைக் கேட்டதுக்கு அப்புறம் நான் எப்படி அழறது? சரி, நாலு நாளைக்கு நல்லா இருக்கற மாதிரி இருப்போம்னு நெனைச்சேன். பாப்பாவும் நம்பிட்டா. இவரு ரொம்பவே நம்பிட்டாரு. அதுதான் எனக்குத் தாங்கல."

டமாரம் கூடத்துச் சுவரோடு சுவராக நின்றார். அவள் நடந்த ஒவ்வொரு நடையும், விழுங்கின ஒவ்வொரு வாயும், தலைவாரிக்கொண்டதும், தெருக்காரர்கள் முன்னால் சிரித்ததும் ஒவ்வொன்றாக வந்து அவர்மேல் விழுந்தன. எல்லாம் தனக்காக. சாகிறவளை வேலை வாங்கியிருக்கிறோம் என்று நினைத்தார். அவருக்கு அழுகை வரவில்லை. தன்மேல் பெரிய அருவருப்பாக இருந்தது. அவளுடைய நாட்களைத் தூக்கித் தன் சந்தோஷத்துக்குச் செலவழித்துவிட்டாரே.

உள்ளே போனார். தம்பி மனைவி பாத்திரத்தை முந்தானையால் மூடினாள். மனைவி அவரைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முட்டை கொஞ்சம் ஒத்துக்கல" என்றாள்.

டமாரம் அவள் மடியிலிருந்த போனை எடுத்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்க, மகளைக் கூப்பிட்டார்.

"என்னங்க, வேண்டாங்க" என்று அவர் சட்டையைப் பிடித்தாள். "புள்ளைத்தாச்சிங்க அவ. போன தடவை மாதிரி ஆயிடப் போவுது."

அவர் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்பா?" என்றாள் மகள். "இப்பத்தானேப்பா அம்மா பேசினாங்க."

"அம்மா சொன்னது பொய்ம்மா. நான் சொன்னதும் பொய். கட்டியை எடுக்கல. எடுக்க முடியலைன்னுட்டாங்க."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"பாப்பா, உக்காந்துட்டிருக்கியா? பக்கத்துல யாராவது இருக்காங்களா? நீ உங்க டாக்டரைக் கேட்டுக்கோ. அவங்க சரின்னா வா. எப்படிச் சொல்றாங்களோ அப்படி வா. வேண்டாம்னா போன்லயே தினமும் அம்மாகூட இரு. ஆனா இனிமே பொய் சொல்ல என்னால ஆகாது."

மகள் அழுவது கட்டிலில் இருந்தவளுக்கும் கேட்டது. வெகுநேரம் அழுதாள். பிறகு கேட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமாப்பா?"

டமாரம் மனைவியைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷர் எத்தனையோ சொல்லியிருக்கிறார், தெருவுக்கே கேட்கச் சொல்லியிருக்கிறார். இதை மட்டும் அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை.

"தெரியும்" என்றார். அவருக்கே கேட்டும் கேட்காததுமாக வந்தது அந்தச் சொல்.

மனைவி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். "அழாதே. அழுதா உள்ள இருக்கறது பயந்துக்கும். டாக்டர் வரலாம்னு சொன்னா, படுத்துட்டு வர்ற மாதிரி டிக்கெட் போடு, மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வா. தனியா ஏறாதே. ஆமாண்டி, தெரியும். கொஞ்ச நாளாத் தெரியும். நீ வந்தா எல்லாம் சொல்றேன்."

போனை வைத்தாள். தம்பி மனைவி சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனாள். டமாரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவள்தான் முதலில் பேசினாள்.

"அப்ப நான் சாயங்காலம் வாசப்படி வரைக்கும் நடக்க வேண்டாம் இல்ல?"

"வேண்டாம்."

"காலையில?"

"வேண்டாம்மா. இனிமே வேண்டாம்."

"முட்டை?"

வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்பாடா" என்றாள் அவள். இத்தனை நாள் இழுத்துப் பிடித்து வைத்திருந்த உடம்பைத் தளரவிட்டு, காலை மெல்ல நீட்டிப் படுத்துக்கொண்டாள்.